பட்டாணி அளவு கிரீஸ்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்னைக்கு நடந்ததை எழுதி வச்சிர வேண்டியதுதான். இந்த வீட்டுல யாரு என்ன சொன்னாங்கன்னு பின்னாடி பேச்சு மாறும். மாறுறது வேற யாரும் இல்ல, என் அண்ணன்தான்.

வேன் நடுரோட்டுல நின்னுருச்சு. அதுவும் எங்கன? பொம்பளப் பிள்ளைக காலேஜ் வாசல்ல, சாயங்காலம் பிள்ளைக வெளிய வர்ற நேரத்துல. நாங்க பரோட்டா வண்டி போடப் போய்க்கிட்டு இருந்தோம். பின்னாடி மாவு, அடுப்பு, சால்னா அண்டா எல்லாம் ஏத்தியாச்சு. ஓட்டுனது எங்க வீட்டுக்காரவுக. இவுக கிளட்ச்சை மிதிச்சாக. உள்ளருந்து கீச்சுனு ஒரு சத்தம், பூனை வாலை மிதிச்ச மாதிரி. பெடலு கல்லு மாதிரி ஆகிப் போச்சு. கியரு விழவே இல்ல. பின்னாடி பஸ்காரன் விடாம ஹாரன் அடிக்கிறான். நான் இறங்கிப் போய், "ஏன்யா, பரோட்டா வேணுமா, இல்ல சும்மாதான் கத்துறியா?"ன்னு கேட்டேன். அப்புறம் அவனே ஆளுகளைக் கூப்பிட்டு ஓரமாத் தள்ளிவிட்டான். நல்ல பையன்.

வேனை வீட்டுக்கு இழுத்துட்டு வந்தது தங்கப்பழம் அண்ணன். என் கூடப் பொறந்த அண்ணன், இதே விருதுநகர்லதான் லாரிப் பட்டறை வச்சிருக்கு. பட்டறை பெருசு, வாய் அதை விடப் பெருசு. வாசல்ல வேனை விட்டுட்டு அண்ணன் ஆரம்பிச்சிருச்சு.

"மாப்ள, இந்த டப்பாவைக் கட்டிக்கிட்டு எதுக்கு அழுகுறீக? வித்துத் தலை முழுகுங்க. தங்கச்சிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை புடிச்சுத் தாரேன். நீங்க பட்டறைக்கு வாங்க. ஆபீஸ் ரூமு, ஃபேனு, சுத்துற சேரு. உக்காந்து பில்லு போடுங்க, போதும்."

இவுக பேரு சங்கரலிங்கம். ஸ்பின்னிங் மில்லுல ஸ்டோர் பாத்தவுக. மில்லை மூடுன அன்னைக்கு இருந்து அண்ணன் இந்தச் சேரைத் தூக்கிக்கிட்டு இவுக பின்னாடியே அலையுது. இவுக சிரிச்சே தப்பிச்சுக்கிட்டு வர்றாக. மச்சான் நிழல்ல ஒரு தடவை உக்காந்துட்டா அப்புறம் எந்திரிக்கவே முடியாதுன்னு பயம். வாய்விட்டுச் சொல்ல மாட்டாக. எனக்குத் தெரியும்.

இன்னைக்கு என்ன வந்துச்சோ, "கிளட்ச்சுதான மச்சான், நானே பிரிச்சு மாட்டுறேன்"னாக.

அண்ணன் வயிறு குலுங்கச் சிரிச்சுச்சு. "சரி மாப்ள. நீங்க மாட்டி, லோடோட மேம்பாலம் ஏறிட்டா, இனிமே அந்தச் சேரு பேச்சையே எடுக்க மாட்டேன். ஏறலேன்னா வண்டியை நான் வித்துருவேன். ஆவணி பொறந்ததும் நீங்க வந்து உக்காந்துறணும்."

"சரி மச்சான்."

என்னை ஒருத்தரும் கேக்கல. எனக்கென்ன, இவுக எங்க உக்காந்தா என்ன? வேன்ல நின்னு என்னத்தச் சாதிச்சுட்டாக? சால்னாவை மருந்து மாதிரி அளந்து ஊத்துவாக. நாலு பேரு மூஞ்சியைச் சுளிச்சுட்டுப் போவான். கடை வந்துச்சுன்னா நானே தாராளமா ஊத்திக்குவேன்.

தூக்கம் வரல. கொசு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில எந்திரிச்சுப் பாத்தா வாசல்ல கோலம் போட இடம் இல்ல. வேன் இரும்பு ஸ்டாண்டு மேல நிக்குது, அடியில இருந்து ரெண்டு காலு மட்டும் தெரியுது.

"மாரி, பதிமூணாம் நம்பர் எடு."

"எனக்கு மாரீஸ்வரின்னு பேரு. பதிமூணாம் நம்பருக்கு என்ன பேரு?"

"ஸ்பேனர்."

அதைத் தேடிக் குடுத்தேன். அது இல்லையாம், ரிங்கு ஸ்பேனராம். ஒரு ஸ்பேனருக்கு இத்தனை அவதாரமா?

மத்தியானம் கியர்பாக்ஸை இறக்குனோம். ஒரு ஆளு செய்ய முடியாதாம், நான் அடியில படுத்துத் தாங்கணுமாம். நைட்டி மேல இவுக பழைய சட்டையைப் போட்டுக்கிட்டு உள்ள போனேன். எதிர்வீட்டு விஜயா மாடியில நின்னு வேடிக்கை பாக்குறா. "என்னக்கா, ரெண்டு பேரும் ஜோடியா ஒளிஞ்சு விளையாடுறீகளா?"ன்னு கேக்குறா. வாயில கறுப்பா ஆயில் ஒழுகுனதுனால நான் பதில் சொல்லல. அவ தப்பிச்சா.

கியர்பாக்ஸ் பழைய மெத்தை மேல வந்து உக்காந்துச்சு. கல்யாணத்துக்கு எங்கப்பா குடுத்த மெத்தை. அடியில படுத்திருக்கும்போது இவுக என் தலையில இடிக்காம இருக்கக் கையை வச்சிருந்தாக. அதுல இவுக விரல் முட்டி தேஞ்சு ரத்தம். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல"ன்னாக. மஞ்சத்தூள் வச்சுவிட்டேன். ரொம்ப வச்சுட்டேனாம்.

ஆகஸ்ட் 6, புதன்

இவுகளுக்குச் சாப்பாட்டை வேன் அடியில தள்ளிவிட்டேன். தட்டு திரும்பி வந்துச்சு, மனுஷன் வரல.

ஆகஸ்ட் 7, வியாழன்

புதுசு வாங்கிட்டு வந்தாச்சு. கிளட்ச் பிளேட், அதை அமுக்கிப் புடிக்கிற இன்னொரு பிளேட், அப்புறம் ஒரு பேரிங்கு. பழைய பேரிங்கைக் காட்டுனாக. கிரீஸெல்லாம் காஞ்சு, சுத்துனா கரகரங்குது. கீச்சுன்னு கத்துனது இதுதானாம். பாவம், வறண்டு போய்க் கத்தியிருக்கு.

கியர்பாக்ஸ் மூக்குல இருந்து ஒரு கம்பி நீட்டிக்கிட்டு இருக்கு. நீளநீளமா பல்லு வெட்டுன கம்பி. அதுலதான் பிளேட்டு போய் மாட்டும், முன்னயும் பின்னயும் வழுக்கிப் போய் வரணும். அதுக்கு கிரீஸ் போடணும். இவுக பேரிங்கோட வந்த சின்ன பாக்கெட்டைக் கிழிச்சாக. கறுப்பு கிரீஸ். விரல் நுனியில எடுத்தாக. எம்புட்டுங்கிறீங்க? ஒரு பட்டாணி அளவு.

அதைத் தடவி, பிளேட்டை ஒரு தடவை ஓட்டி எடுத்து, பிதுங்கி வந்ததை வேட்டித் துணியால துடைச்சாக. துடைச்சே எடுத்துட்டாக! எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு.

"ஏங்க, இம்புட்டுப் பெரிய இரும்புக்கு இம்புட்டுக்காண்டா?"

"இது போதும் மாரி. கூடப் போட்டா சுத்துற வேகத்துல தெறிக்கும். தெறிச்சு பிளேட்ல பட்டா, பிளேட்டு புடிக்காது, வழுக்கும்."

"வழுக்கணும்னுதான போடுறோம்?"

"கம்பியில வழுக்கணும். பிளேட்ல புடிக்கணும்."

இதென்ன பேச்சு? புருஷன் பொண்டாட்டி மாதிரி, இங்க வழுக்கணும், அங்க புடிக்கணும்னு. ஊரே எங்களைப் பாத்துச் சிரிக்குமே. இந்த ஊருல பரோட்டாவைச் சுட மாட்டோம், எண்ணெயில முக்கிப் பொரிச்சுத்தான் எடுப்போம். எண்ணெய் குறைஞ்சா அது வரட்டி. இருவது வருஷமா அடுப்படியில நிக்கிறேன், எண்ணெய் கூடிக் கெட்டுப்போன சாமான் ஒண்ணை நான் பாத்ததில்ல. காஞ்சு கெட்டதைத்தான் பாத்திருக்கேன். அந்தப் பேரிங்கு கத்துனதே காஞ்சு போயித்தான்னு இவுக வாயாலயே சொன்னாகல்ல?

இதுல வேன் ஓடலேன்னா அந்தச் சுத்துற சேரு வேற.

இவுக ஒரு போல்ட்டு வாங்கக் கடைக்குப் போனாக. கியர்பாக்ஸ் மெத்தையில தனியாக் கெடந்துச்சு. நான் பக்கத்துல போய்ப் பாத்தேன். பாத்தேன், அம்புட்டுத்தான்.

இவுக வந்ததும் வானம் கருத்துருச்சு. மழைக்கு முன்னாடி மாட்டிறணும்னு ஒரே ஓட்டம். "வெளிச்சம் பத்தல, டார்ச்சை அடி மாரி"ன்னாக. நான் டார்ச்சைக் கொஞ்சம் தள்ளியே அடிச்சேன். கை வலிச்சுச்சு, வேற ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் தூக்கி, ஆட்டி, திட்டி, ஒருவழியா உள்ள போய் உக்காந்துச்சு. வெண்ணெய் மாதிரிப் போச்சு. "அடேயப்பா, எவ்வளவு லேசாப் போகுது!"ன்னு இவுகளே ஆச்சரியப்பட்டாக. நான் டார்ச்சை இன்னும் கொஞ்சம் தள்ளிப் புடிச்சேன்.

எவ்வளவு சோப்புப் போட்டும் கையில செவப்பு போக மாட்டேங்குது. "என்ன கையி?"ன்னாக. பீட்ரூட் நறுக்குனேன்னு சொல்லிட்டேன். அப்புறம்தான் இன்னைக்குக் கத்திரிக்காய்க் குழம்புன்னு ஞாபகம் வந்துச்சு. இவுக சாப்புடும்போது ஒண்ணும் கேக்கல.

மாவு பிசையுற மெஷினுக்கு வச்சிருந்த செவப்பு கிரீஸ் டப்பா காலி. புதுசு வாங்கணும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஓடுது! பெடலு பஞ்சு மாதிரி. கீச்சு இல்ல, கரகரப்பு இல்ல. தெருவுல ஒரு சுத்து சுத்தி வந்தோம். விஜயா வீட்டு முன்னாடி ரெண்டு சுத்து. இவுக மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சம், மில்லு மூடுனதுக்கு அப்புறம் நான் பாத்ததே இல்ல.

எல்லாம் தாராளமாப் போட்டதுனாலதான். யாரு போட்டான்னு எழுத வேண்டிய அவசியம் இல்ல.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "தெருவுல ஓடுறது பெருசில்ல தங்கச்சி. ஞாயித்துக்கிழமை லோடோட பாலம் ஏறட்டும், அப்புறம் பேசலாம்"னு சொல்லிருச்சு. பொறாமை.

ஆகஸ்ட் 9, சனி

வியாபாரம் அமோகம். இவுக பாட்டுப் பாடிக்கிட்டே கொத்து பரோட்டாவுக்குத் தாளம் போடுறாக. ஒரு ஆளுக்குக் கேக்காமலே ரெண்டாவது கரண்டி சால்னா ஊத்துனாக. நான் திரும்பிப் பாத்ததும், "கை தவறிருச்சு"ன்னாக. கூட்டத்துல ஒரு ஆளு, "அண்ணே, நீங்க ரெண்டு பேரும் பேசுறதைக் கேக்குறதுக்கே வரலாம் போலருக்கே"ன்னான். சாப்புட வந்தா சாப்புட்டுப் போகணும். இவனுக்கு எதுக்கு இந்த வேலை?

திரும்பி வரும்போது வேன்ல லேசா ஒரு தீஞ்ச வாடை. அடுப்புதான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அடுப்பு இல்ல.

மேம்பாலம் பாதி ஏறுனோம். இவுக மிதிக்க மிதிக்க எஞ்சின் மட்டும் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. அப்புறம் நின்னுருச்சு. அப்புறம் மெதுவாப் பின்னால இறங்க ஆரம்பிச்சிருச்சு. சால்னா அண்டா சரிஞ்சு என் மடியில. இவுக ஹேண்ட்பிரேக்கைப் புடிச்சு இழுத்து, "இறங்கிக்கோ மாரி, இறங்கிக்கோ"ன்னு கத்துறாக. நான் இறங்கவா? அண்டாவை யாரு புடிக்கிறது?

பாலத்து மேல போன சனமெல்லாம் வந்து தள்ளுச்சு. தள்ளுனதுல முக்காவாசிப் பேரு நம்ம கடையில சாப்புடுறவுக. அண்ணன் அடிவாரத்துல ஜீப்போட காத்துக்கிட்டு இருந்துச்சு. வேடிக்கை பாக்க வந்துருக்கு! ஆனா சிரிக்கல. அது சிரிச்சிருந்தாக்கூட எனக்குக் கோவம் வந்திருக்கும், அழுகை வந்திருக்காது.

"விடுங்க மாப்ள, பாத்துக்கலாம்"னுச்சு. வேனைப் பட்டறைக்கு இழுத்துட்டுப் போயிருச்சு.

இவுக வீட்டுக்கு நடந்தே வந்தாக. வழியில ஒரே ஒரு வார்த்தைதான் பேசுனாக. "சரியாத்தான மாட்டுனேன்?" என்னைக் கேக்கல, தனக்குத்தானே கேட்டுக்கிட்டாக.

ஆகஸ்ட் 11, திங்கள்

இவுக சரியாச் சாப்புடல. பீரோவைத் திறந்து மில்லுக்குப் போட்டுட்டுப் போன வெள்ளைச் சட்டையை எடுத்தாக. அண்ணன் பட்டறைக்குத்தான். பில்லு போடுறவன் பளிச்சுன்னு இருக்கணுமாம்.

"இஸ்திரிப் பெட்டி எங்க மாரி?"

"எனக்கென்ன தெரியும்?"

வீடு பூராத் தேடுனாக. அரிசி டிரம்மைத் தவிர எல்லா இடத்துலயும் தேடுனாக.

மத்தியானம் தனியா உக்காந்து நெனச்சுப் பாத்தேன். கடை போட்டா நல்லதுதான். மழையில நனைய வேண்டாம், போலீஸ்காரன் நகருன்னு சொல்ல மாட்டான். சம்பளத்துக்கு ஆளு வச்சுக்கலாம், நான் சொன்ன அளவுல சால்னா ஊத்துவான். என்னை எதுத்துப் பேச மாட்டான். பரோட்டா கருகுதுன்னு பின்னால இருந்து மெதுவாச் சொல்ல மாட்டான். அனல் அடிக்குதுன்னு விசிறி எடுத்து வீச மாட்டான்.

நினைக்க நினைக்கக் கோவமா வந்துச்சு. விஜயா வந்து தயிருக்கு உறை மோர் கேட்டா. இல்லைன்னுட்டேன். இருந்துச்சு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பட்டறையில வேனைப் பிரிக்கிறாகன்னு அண்ணன் போன் பண்ணுச்சு. இவுக கிளம்புனாக. கசங்குன சட்டையோடயே. நானும் வர்றேன்னேன். "நீ எதுக்கு வெயில்ல?"ன்னாக. வெயிலு எனக்குப் புதுசா?

நாங்க போகும்போது கியர்பாக்ஸை இறக்கிட்டாக. பட்டறை ஆளுக வட்டமா நின்னு குனிஞ்சு பாக்குறாங்க. அண்ணன் கிளட்ச் பிளேட்டைக் கையில தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்குது. பிளேட்டு மூஞ்சி பூராச் செவப்பு. கல்யாணப் பொண்ணு மருதாணி வச்ச மாதிரி. சுத்தி இருந்த கூட்டுக்குள்ளயும் தெறிச்சு அப்பிக்கெடக்கு.

"கிரீஸா இது? டப்பாவோட உள்ள வச்சுட்டீகளா மாப்ள?"ன்னு அண்ணன் ஆரம்பிச்சிருச்சு. "பட்டாணி அளவு போட வேண்டிய இடத்துல பரோட்டா மாவு மாதிரி அப்பி வச்சிருக்கே! எந்த மூளை கெட்ட ஜென்மம்யா இந்த வேலையைப் பாத்துச்சு?"

ஆளுக எல்லாம் சிரிச்சாங்க. நான் வேனோட டயரைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

இவுக கிட்ட வந்து பிளேட்டை வாங்கிப் பாத்தாக. விரலால தொட்டுப் பாத்தாக. இவுக போட்டது கறுப்பு கிரீஸ். இது செவப்பு. ஊருல செவப்பு கிரீஸ் ஆயிரம் பேரு வச்சிருக்கலாம், எங்க வீட்டுல அது ஒரே ஒரு ஆளு எடுக்குற சாமான். இவுக நிமிர்ந்து என்னைப் பாக்கல. பாத்திருந்தாத் தேவலை.

"நான்தான் மச்சான்"னாக. "காஞ்சு போயிருமோன்னு ஒரு சந்தேகம். கொஞ்சம் தாராளமாப் போட்டுட்டேன்."

உப்பைக்கூட ஸ்பூன்ல எடுத்து, விரலால வழிச்சுத் தட்டிவிட்டுப் போடுற மனுஷன், தாராளமாப் போட்டேன்னு சொல்றாக. எந்த மடையனாவது நம்புவானா? என் அண்ணன் நம்பிருச்சு.

"அப்பச் சரி மாப்ள. பேசுனது பேசுனதுதான். ஆவணி ஒண்ணு, ஞாயித்துக்கிழமை நல்ல நாளு. அந்தா ரூமு. ஃபேனைக்கூட மாத்திட்டேன்."

இவுக அந்த ரூமைப் பாத்தாக. கண்ணாடி போட்ட ரூமு. உள்ள அந்தச் சேரு. இவுக தலையாட்டுனாக. எத்தனை வருஷமாச் சிரிச்சுச் சிரிச்சுத் தப்பிச்ச மனுஷன், என்னைப் பாத்து நாலு பேரு சிரிச்சிறக் கூடாதுன்னு அந்தச் சேருக்குத் தலையாட்டுறாக.

"நான்தாண்ணே போட்டேன்"னேன்.

சத்தம் கொஞ்சம் கூடிப் போச்சு போல, வெளிய டீக்கடைக்காரன் எட்டிப் பாத்தான்.

"என்னது?"

"இவுக கறுப்பு கிரீஸை அளவாத்தான் போட்டாக. துடைச்சு வேற எடுத்தாக. இவுக கடைக்குப் போன நேரம், நான்தான் மாவு மெஷின் கிரீஸை எடுத்து, எனக்குத் திருப்தியாகுற வரைக்கும் போட்டேன். மூளை கெட்ட ஜென்மம் நான்தான். இவுக வேலையில ஒரு குத்தமும் இல்ல. இன்னும் நாலு திட்டு இருந்தா என்னைத் திட்டு."

அண்ணன் ஒரு தடவை என்னைப் பாக்குது, ஒரு தடவை இவுகளைப் பாக்குது. இவுகளுக்கு வந்துச்சு பாருங்க கோவம்!

"உன்னை யாரு கேட்டா? நான்தான் சொல்லிட்டேன்ல? சமாளிச்சிருக்க மாட்டேனா?"

"என்னத்தச் சமாளிப்பீக? அந்தக் கண்ணாடி ரூமுல உக்காந்து சமாளிப்பீகளா? நீங்க அங்க போயிட்டா என் பக்கத்துல யாரு நிப்பா? நான் தனியா நின்னு யாரைத் திட்டுறது? எனக்குக் கடையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நீங்க அளந்தே ஊத்துங்க, எவன் மூஞ்சியைச் சுளிச்சாலும் பரவால்ல, என் கூடயே இருங்க!"

சொல்லிட்டேன். அத்தனை ஆம்பளைக முன்னாடி, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல வீட்டுக்குள்ளகூடச் சொல்லாததை, பட்டறையில நின்னு கத்திட்டேன். மானம் போச்சு. முந்தானையால மூஞ்சியைத் துடைச்சா அதுலயும் கிரீஸு.

அண்ணன் பிளேட்டைக் கீழ வச்சுச்சு. "அப்ப மாப்ள மாட்டுனது சரிதானா?"ன்னு தன் ஆளுகளைக் கேட்டுச்சு. பெரிய மேஸ்திரி குனிஞ்சு போல்ட்டு, பேரிங்கு, ஃபோர்க்கு எல்லாம் தடவிப் பாத்துட்டு, "வேலை சுத்தமா இருக்கு முதலாளி. கிரீஸுதான் அக்கா கைவண்ணம்"னாரு. மறுபடியும் எல்லாரும் சிரிச்சாங்க. இந்தத் தடவை எனக்கு வலிக்கல.

இவுக அந்தக் கசங்குன வெள்ளைச் சட்டையைக் கழட்டி ஜீப் மேல போட்டாக. பனியனோட நின்னு, மண்ணெண்ணெய் டப்பாவைத் தேடி எடுத்து, கூட்டுக்குள்ளயும் பல்லுக் கம்பியிலயும் அப்பியிருந்த என் கிரீஸைத் துணியால துடைக்க ஆரம்பிச்சாக. ஒவ்வொரு பல்லா, மெதுவா, கோவமே இல்லாம. துடைச்சுக்கிட்டே, அண்ணனைத் திரும்பிக்கூடப் பாக்காமச் சொன்னாக.

"மச்சான், அந்தச் சேரை வேற யாருக்காவது குடுத்துருங்க."

சிரிக்கல. மழுப்பல. நேராச் சொன்னாக.

அண்ணன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு எல்லாருக்கும் டீ சொல்லுச்சு. எனக்குச் சக்கரை தூக்கலா.